உல்லாச ஏரியும் உழைப்பாளர் நகரும்

அணைக்கட்டு உடைந்து மக்கள் மாண்டனர் என்ற செய்தி எந்நாட்டிலிருந்து வந்தாலும் ‘இயற்கையின் சீற்றம்’ என்னும் தொடரொன்றும் அதனுடன் வந்து சேர்வதை நாம் காண்கின்றோம். நிலநடுக்கத்துக்கும் சூறாவளிக்கும் இத்தொடர் பொருந்தலாம். ஆனால், மனிதன் மண்ணைக் குவித்து எழுப்பியதும், மனிதன் நீரைத் தேக்கியதும், மனிதன் பேணத் தவறியதுமான ஒரு கட்டு உடைவதற்கு இயற்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வகையில் நியாயமாகும்? 1972 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆந் திகதி அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவிலே நிலக்கரிக் கம்பனியொன்று கழிவுகளைக் கொட்டி எழுப்பிய அணை உடைந்து, பபலோ கிறீக் பள்ளத்தாக்கில் 125 பேர் மாண்டனர். கம்பனி கூறிய முதல் விளக்கம், இது கடவுளின் செயல் என்பதே. கடவுள் எந்த நீதிமன்றத்திலும் வந்து மறுப்புரை கூறுவதில்லை. ஆகவே அவர் மீது பழி சுமத்துவது உடைமையாளருக்கு எக்காலத்தும் இலாபகரமானது.

இக்கட்டுரை அந்தப் பழியை உரியவர் தோளுக்கு மாற்ற முனைகின்றது. தனியார் உடைமையாய், களிப்புக்காகவே நீர் தேக்கப்பட்ட சிறு அணைகளே இங்கு நமது பொருள். நீர்ப்பாசனத்துக்கோ மின்சாரத்துக்கோ அமைந்த அணை பழுதுற்றால் அதன் பயனும் குன்றும். எனவே உடைமையாளன் தன் நலம் கருதியேனும் அதனைக் கவனிப்பான். உல்லாச ஏரியின் நிலை வேறு. மீன் பிடிக்கவும் படகு விடவும் அழகு பார்க்கவும் ஏரி நிறைந்திருந்தாற் போதும். கட்டின் உள்ளே என்ன நிகழ்கின்றது என்பதைக் கரையில் உலாவுவோர் அறிய வேண்டிய தேவையில்லை. அறிய வேண்டியவர்கள் கட்டின் கீழே வாழ்பவர்கள். அவர்களோ கேட்கும் உரிமையற்றவர்கள். இன்பம் மேலேயும் இடர் கீழேயுமாகப் பிரிந்து நிற்கும் இவ்வமைப்பிலே, கட்டின் பராமரிப்பை உடைமையாளரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடுதல் மனிதக் கொலைக்கு முன்கூட்டியே அளிக்கும் அனுமதிப் பத்திரமாகும்.

கலைப்பீட மாணவனுக்கு அணைக்கட்டைப் பற்றி என்ன தெரியும், இது பொறியியலாளர் பேசவேண்டிய பொருளன்றோ என்று கேட்போர் இருக்கலாம். மண்ணின் தாங்குதிறனைக் கணக்கிடுவது பொறியியலாளரின் பணி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கணக்கைப் பெற்றவர் அதனை என்ன செய்தார், யாருக்கு மறைத்தார், எந்தச் சட்டத்தின் பின்னே ஒளிந்தார் என்னும் வினாக்கள் வரலாற்றுக்கும் பொருளியலுக்கும் நீதிக்கும் உரியன. பின்வரும் வரலாறு இதனைத் தெளிவாக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஜோன்ஸ்ரவுண் நகருக்கு 14 மைல் மேலே, ஏறத்தாழ 450 அடி உயரத்திலே அமைந்திருந்தது சவுத் போர்க் அணை. 72 அடி உயரமும் 900 அடிக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட இம் மண்கட்டினை எழுப்பியது ஒரு தனியாரன்று, மாநில அரசே. கால்வாய்ப் போக்குவரத்துக்கு வேண்டிய நீரைத் தேக்குவதற்காக 1838 இல் தொடங்கப்பட்ட வேலை 1853 இல் நிறைவெய்தியது. அடியில் இரும்புக் குழாய்கள் ஐந்து இருந்தன. நீர்மட்டம் ஏறும்போது அவற்றைத் திறந்து விடலாம். நமது ஊர்க் குளத்திலே துருசு செய்யும் வேலையை அக்குழாய்கள் செய்தன எனலாம். பக்கத்திலே மிகைநீர் வழிந்தோட வானும் அமைந்திருந்தது. ஆனால் அணை முடிந்த வேளையில் புகையிரதம் வந்துவிட்டது. கால்வாய்கள் பயனற்றன. 1857 இல் புகையிரதக் கம்பனி அனைத்தையும் வாங்கி, அணையைக் கேட்பாரற்று விட்டது. 1862 இல் கட்டின் ஒரு பகுதி உடைந்தது. அப்போது ஏரியில் நீர் குறைவாக இருந்தமையால் பெருங்கேடு விளையவில்லை. இதுவே முதல் எச்சரிக்கை, பொருட்படுத்தப்படாத எச்சரிக்கை.

1875 இல் ஜோன் றைலி என்னும் அரசியல்வாதி அதனை 2,500 டொலருக்கு வாங்கினார். நான்கு ஆண்டுகளின் பின் 2,000 டொலருக்கு விற்றார். இடையிலேற்பட்ட நட்டத்தை ஈடுசெய்ய அவர் செய்தது என்ன? அடியிலிருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்! ஒரு பள்ளத்தாக்கு மக்களின் உயிர்க்காப்பு, பழைய இரும்பின் விலைக்குப் போயிற்று. சட்டம் அதனைத் தடுக்கவில்லை. குழாய்கள் அவருடையவை, அவர் விற்றார். தனியுடைமை என்னும் கோட்பாட்டின் முழு உருவத்தையும் இந்த ஒரு செயலிலே காணலாம்.

1879 இல் பெஞ்சமின் றவ் என்பவர் வாங்கி அமைத்ததே சவுத் போர்க் மீன்பிடி, வேட்டைக் கழகம். பிற்ஸ்பேர்க் நகரின் உருக்கு, நிலக்கரி, வங்கி அதிபர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதில் அங்கம் வகித்தனர். அன்ட்ரூ கார்னெகி, ஹென்றி கிளே பிறிக், அன்ட்ரூ மெலன் முதலியோரின் பெயர்கள் அப்பட்டியலிலே உண்டு. கோடையிலே புகை சூழ்ந்த நகரை விட்டு மலையிலே இளைப்பாற அவர்களுக்கு ஓர் ஏரி வேண்டியிருந்தது. அந்தப் புகை எங்கிருந்து வந்தது என்பது வேறு கதை.

அவர்கள் கட்டுக்குச் செய்த ‘திருத்தங்களை’ ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலாவது, உடைந்த பகுதி மண், கல், மரக்கிளை, வைக்கோல், குதிரைச் சாணம் ஆகியவற்றால் அடைக்கப்பட்டது. தகுதி வாய்ந்த பொறியியலாளர் எவரும் அவ்வேலையை மேற்பார்வை செய்யவில்லை. இரண்டாவது, பிடுங்கிய குழாய்கள் மீண்டும் வைக்கப்படவில்லை. ஆதலால் பழுது பார்ப்பதற்கேனும் ஏரியை வற்றச் செய்யும் வழி இல்லாதொழிந்தது. மூன்றாவது, கட்டின் மேலே இரண்டு குதிரை வண்டிகள் விலகிச் செல்லத்தக்க அகலம் வேண்டுமென்பதற்காக உச்சி சில அடிகள் தாழ்த்தப்பட்டது. நான்காவது, பணம் கொடுத்துக் கொண்டுவந்து விட்ட மீன்கள் வெளியேறாதிருக்க வானின் குறுக்கே இரும்புக் கம்பி வலைகள் பொருத்தப்பட்டன. காலப்போக்கில் கட்டின் நடுப்பகுதியும் சற்றுத் தணிந்தது. மண்கட்டுக்கு இதைவிடப் பெரிய நோய் வேறில்லை. நீர் மேவிப் பாயுமாயின் கட்டின் மிக உயர்ந்த, மிக நலிந்த இடத்தின் மேலேயே அது முதலில் பாயும். குளக்கட்டின் கீழ் வளர்ந்த நம் கிராமத்துச் சிறுவனுக்கும் தெரிந்த உண்மை ஒன்றுண்டு: மண்கட்டு நீரைத் தாங்கும்; தன்மேல் நீர் பாய்வதைத் தாங்காது. வானைத் தூர்ப்பவன் கட்டை வெட்டுபவனே.

இவை அறியாமையால் நேர்ந்தவை என்று கூறித் தப்பிக்கவும் வழியில்லை. ஜோன்ஸ்ரவுணில் இயங்கிய கேம்பிரியா இரும்புக் கம்பனியின் தலைவர் டானியல் மொறல், 1880 இல் ஜோன் பல்ரன் என்னும் பொறியியலாளரை அனுப்பிக் கட்டைப் பார்வையிடச் செய்தார். நீரை வெளியேற்றும் குழாய் இல்லாமையும் பழுதுபார்த்த பகுதியின் குறைபாடும் பெரும் ஆபத்துக்குரியன என்று பல்ரன் எழுதினார். கழகத் தலைவர் றவ் அனுப்பிய மறுமொழியின் சாரம், எமது முயற்சியால் உமக்கும் உமது மக்களுக்கும் எவ்வித ஆபத்துமில்லை என்பதாகும். மொறல் அத்துடன் விட்டுவிடவில்லை. கட்டைச் சீராக்குவதற்கான செலவிலே தமது கம்பனியும் பங்கேற்கும் என்று கூட அறிவித்தார். அதுவும் மறுக்கப்பட்டது. அறிவு இருந்தது, அறிக்கை இருந்தது, பணமும் நீட்டப்பட்டது. இல்லாதிருந்தது ஒன்றே: உடைமையாளரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம். மொறல் தாமும் ஒரு முதலாளியே என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. இரும்புக் கம்பனியின் தலைவருக்கே இந்த மறுமொழி எனின், அவருடைய உலைக்களத்தில் வேலை செய்த ஜேர்மானிய, வேல்ஸ் நாட்டுத் தொழிலாளி கேட்டிருந்தால் என்ன மறுமொழி கிடைத்திருக்கும்?

1889 ஆம் ஆண்டு மே மாதம் 30, 31 ஆந் திகதிகளிற் பெருமழை பெய்தது. கழகத்தின் உல்லாசப் பருவம் தொடங்காமையால் செல்வர்களிற் பெரும்பாலோர் அங்கில்லை. 31 ஆந் திகதி காலையில் ஏரி கட்டின் உச்சியை நெருங்கியது. கழகத்துக்கு வடிகால் வேலை செய்யவந்த இத்தாலியக் கூலியாட்களே மழையில் நின்று கட்டை உயர்த்தவும் புதிய வாய்க்கால் வெட்டவும் ஏவப்பட்டனர். மீன் வலைகளை அகற்ற முயன்றபோது குப்பைகூளம் அடைத்து அவை இறுகிவிட்டிருந்தன. ஜோன் பார்க் என்னும் இளம் பொறியியலாளர் குதிரையேறிக் கீழூருக்கு விரைந்து எச்சரித்தார். தந்தியும் சென்றது. ஆனால் அணை உடையும் என்ற வதந்தியை மழைக்காலந்தோறும் கேட்டுக் கேட்டு நகைத்துப் பழகிய நகரம் அது. பிற்பகல் மூன்று மணியளவிற் கட்டு உடைந்தது. ஏறத்தாழ இரண்டு கோடி தொன் நீர் பள்ளத்தாக்கிலே இறங்கி, மரங்களையும் வீடுகளையும் புகையிரத இயந்திரங்களையும் முட்கம்பித் தொழிற்சாலையொன்றின் கம்பிகளையும் வாரிக்கொண்டு, நான்கு மணி கடந்த சில நிமிடங்களில் ஜோன்ஸ்ரவுணை அடைந்தது. கற்பாலத்திலே தேங்கிய சிதைவுகள் இரவில் தீப்பற்றின. நீரில் தப்பியோர் சிலர் நெருப்பில் மாண்டனர்.

மாண்டோர் 2,209 பேர் என்பது அக்காலக் கணக்கு. 99 குடும்பங்கள் ஒருவரும் எஞ்சாமல் அழிந்தன. 777 பேர் யாரென்று அடையாளம் காணப்படாமலே புதைக்கப்பட்டனர். பெயரற்ற அவ்வெண்கற்கள் இன்றும் அந்நகரின் இடுகாட்டிலே வரிசையாக நிற்கின்றன. மேலே ஏரி இருந்த இடத்தைப் பார்க்கச் சென்றோர் கண்டது, சேற்றுப் படுகையும் ஒதுங்கி நின்ற படகுகளுமே.

இனி, நீதி என்ன செய்தது? கழகத்தின் மீது வழக்குகள் தொடரப்பட்டன. கழகத்தின் அங்கத்தவருள் ஒருவரான பிலாண்டர் நொக்ஸ் பின்னாளில் அமெரிக்காவின் சட்டமா அதிபராகவும் வெளியுறவு அமைச்சராகவும் உயர்ந்தவர். அவருடைய சட்டத்தரணிகள் நிறுவனமே கழகத்துக்காக நின்றது. கழகம் ஒரு கூட்டுத்தாபனம். அதன் பேரில் சொத்து எனச் சொல்லத்தக்கது சொற்பமே. அங்கத்தவரின் கோடிகளோ அவரவர் தனிச் சொத்துக்கள். ஒரு வழக்கிலேனும் பாதிக்கப்பட்டோர் வெற்றி பெறவில்லை. கழகம் ஆயிரம் கம்பளிகளை அனுப்பியது. கார்னெகி நகரத்துக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். அக்கட்டடமே இன்று வெள்ள அரும்பொருளகமாக விளங்குகின்றது. நன்கொடை நல்லதே. ஆயினும் நன்கொடை கொடுப்பவன் கொடையாளி ஆகின்றான். நட்டஈடு கொடுப்பவன் குற்றத்தை ஏற்கின்றான். செல்வர்கள் எதனைத் தெரிவு செய்தார்கள் என்பதை வரலாறு பதிந்துள்ளது.

எதிர்வாதங்களை இனி எடுத்து நோக்குவோம். முதலாவது, அத்தகைய மழைக்கு எந்தக் கட்டும் நின்றிராது என்னும் வாதம். இது வெறும் வாய்ப்பேச்சன்று. அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கம் நியமித்த குழுவின் அறிக்கை, 1891 இல் வெளியானபோது, கழகத்தின் குறைகளைச் சுட்டிய பின்னரும், பழைய அமைப்பு அப்படியே இருந்திருந்தாலும் நீர் மேவியிருக்கும் என்று முடித்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உடைமையாளரின் கேடயமாக இருந்தது இவ்வறிக்கை. 2016 இல் வெளிவந்த நீரியல் ஆய்வொன்று அன்றைய நிலஅமைப்பையும் நீரோட்டத்தையும் மீளக் கணித்து இம் முடிவை மறுத்துள்ளது. உச்சியைத் தாழ்த்தாது, வெளியேற்றும் வழிகளைப் பழையவாறு வைத்திருந்தால் அவ்வெள்ளத்தைக் கட்டு தாங்கியிருக்கும் என்பது அவ்வாய்வின் முடிவு. 127 ஆண்டுகளின் பின் வந்த இவ்வுண்மையால் எவர்க்கும் நட்டஈடு கிடைக்கப்போவதில்லை. ஆயினும், செல்வாக்குள்ளோரைப் பற்றிய அறிக்கையை எவ்வளவு எச்சரிக்கையுடன் படிக்கவேண்டும் என்னும் பாடம் கிடைக்கின்றது.

இரண்டாவது, சிறு அணையால் என்ன நேர்ந்துவிடப் போகின்றது என்னும் வாதம். ஜோர்ஜியா மாநிலத்தில் ரொக்கோவா என்னும் ஊருக்கு மேலே கெலி பார்ன்ஸ் என்னும் அணை இருந்தது. உயரம் ஏறத்தாழ 40 அடி. ஏரியின் பரப்பும் ஏறத்தாழ 40 ஏக்கர். விவிலியக் கல்லூரியொன்றுக்குச் சொந்தமான அவ்வணை முதலில் மின்சாரத்துக்குப் பயன்பட்டது. 1957 இல் மின்னுற்பத்தி நின்ற பின் அந்நீர்த்தேக்கம் களிப்புக்கு மட்டும் உரியதாயிற்று. அதாவது, கட்டின் நலத்தாற் பயன்பெறுவோர் இல்லாத நிலைக்கு வந்தது. சரிவிலே மரங்கள் வளர்ந்தன. கீழ்ப்புறச் சரிவின் ஒரு பகுதி சரிந்திருந்தமையை 1973 இல் எடுத்த நிழற்படம் காட்டியது. 1977 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆந் திகதி, நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில், மழையில் ஊறிய கட்டு உடைந்தது. கீழே கல்லூரி விடுதியிலும் நடமாடும் வீடுகளிலும் உறங்கிக் கொண்டிருந்தோருள் 39 பேர் மாண்டனர். அவர்களுள் இருபதின்மர் குழந்தைகள். இங்கே கோடீசுவரர் எவருமில்லை. இறைபணிக்கு மாணவரைப் பயிற்றும் கல்லூரி. உடைமையாளரின் நற்குணத்தை நாம் கேள்விக்குட்படுத்தவில்லை. நற்குணம் வேர்களை அகற்றாது என்பதே நாம் கூறுவது.

இந்நிகழ்ச்சியில் அரசுக்கும் பங்குண்டு. பபலோ கிறீக் அழிவின் பின், 1972 இலேயே, நாடெங்கணுமுள்ள அணைகளைப் பரிசோதிக்கச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆனால் தனியார் அணைகளைப் பரிசோதிக்கும் வேலைக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. ரொக்கோவாவின் 39 பிணங்களுக்குப் பின்னரே ஜனாதிபதி ஜிம்மி காட்டர் இராணுவப் பொறியியற் படையினரைக் கொண்டு அவ்வேலையைத் தொடங்கச் செய்தார். ஜோர்ஜியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 1978 இல் வந்தது. சட்டப் புத்தகத்தின் ஒவ்வொரு பிரிவும் ஒரு பிணத்தின் மேல் எழுதப்படவேண்டுமென்பது விதியா?

கட்டைப் பேணுதல் என்பது பெருஞ்செலவும் மறைபொருளும் கொண்ட வித்தையன்று. கட்டிலே மரம் வளரவிடாதிருத்தல். வளர்ந்து பட்ட மரத்தின் வேர் உக்கி நீருக்கு வழியாவதை அறிந்திருத்தல். வளைதோண்டும் விலங்குகளின் பொந்துகளை உடனுக்குடன் அடைத்தல். கீழ்ப்புறத்தில் ஊறும் நீர் தெளிவாக வருகின்றதா, மண்ணைக் கரைத்துக் கலங்கலாக வருகின்றதா என்று பார்த்தல். வானைத் துப்புரவாக வைத்திருத்தல். துருசின் கதவை ஆண்டுதோறும் திறந்து மூடிப் பார்த்தல். உச்சி தணிந்த இடத்தை நிரப்பல். பெரும்பாலானவை ஒரு காவலாளனும் ஒரு மண்வெட்டியும் செய்யத்தக்கவை. செய்யாது விடப்படுவதற்குக் காரணம் இவை கண்ணுக்குத் தெரியாத வேலைகளாக இருப்பதே. படகுத்துறைக்கு வர்ணம் பூசினால் விருந்தினர் புகழ்வர். பொந்தை அடைத்தால் யார் புகழ்வார்?

மூன்றாவது வாதம் தனியுடைமை பற்றியது. என் நிலம், என் நீர், என் கட்டு என்பார்கள். நிலம் உம்முடையதாகலாம். ஆனால் கட்டு உடையும் அக்கணத்திலே நீர் யாருடையது? அது எவருடைய வேலியையும் மதிப்பதில்லை. இங்கிலாந்திலே ஒரு ஆலைமுதலாளி தன் நிலத்திற் கட்டுவித்த நீர்த்தேக்கத்தின் நீர் 1860 இல் அயலானுடைய நிலக்கரிச் சுரங்கத்துள் புகுந்தது. றைலன்ட்ஸ் எதிர் பிளெச்சர் என்னும் அவ்வழக்கில், 1868 இல் பிரபுக்கள் சபை ஒரு கொள்கையை உறுதி செய்தது. வெளியேறினால் கேடு விளைக்கத்தக்க பொருளைத் தன் நிலத்திலே கொண்டுவந்து திரட்டி வைத்திருப்பவன், தன்பால் அலட்சியம் இல்லாவிடினும், அக்கேட்டுக்குப் பொறுப்பாளி என்பதே அது. ஆனால் பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம், ஜோன்ஸ்ரவுண் அழிவுக்கு மூன்று ஆண்டுகளின் முன், 1886 இல், ஒரு நிலக்கரிக் கம்பனியின் வழக்கிலே இக்கொள்கையை ஏற்க மறுத்திருந்தது. பெருங்கைத்தொழிலின் தேவைக்குத் தனிமனிதரின் சிறு துன்பங்கள் விட்டுக்கொடுக்க வேண்டுமென்பது அத்தீர்ப்பின் போக்கு. ஏரியின் மீன்கள் எந்தப் பெருங்கைத்தொழிலுக்கு இன்றியமையாதன என்று பின்னர் எவரும் கேட்கவில்லை.

நான்காவதாக, அரசின் அணைகள் மட்டும் உடையவில்லையா என்று கேட்பர். நியாயமான கேள்வி. நாமும் அதற்கு நேராக விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். 1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் 20 ஆந் திகதி விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை இந்நாட்டவர் மறக்கவியலாது. அது அரசின் பொறுப்பிலிருந்த குளம். ஆகவே தனியாரிடமிருந்து பிடுங்கி அரசிடம் ஒப்படைத்தால் எல்லாம் நலமாகும் என்று நாம் வாதிடவில்லை. கட்டைப் பேணுபவன் யார், கட்டு உடைந்தால் அழிபவன் யார் என்பதே அடிப்படை வினா. இவ்விருவரும் ஒருவராயிருக்கும்போது கட்டு காக்கப்படும். வேறாகும்போது, அவ்விடைவெளியை ஒரு கண்காணிப்பு நிரப்பாவிடின், பேரேட்டில் அரசின் பெயர் இருந்தாலென்ன, கழகத்தின் பெயர் இருந்தாலென்ன?

இந்த உண்மையை நம் கிராமங்கள் நடைமுறையில் அறிந்திருந்தன. குளத்தின் கீழ் வயல் உடையோர் தத்தம் வயற்பங்குக்கேற்பக் கட்டிலே வேலை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். நீரை உண்பவனும் கட்டைக் கட்டுபவனும் வெள்ளத்துக்கு அஞ்சுபவனும் ஒருவனே. அவ்வமைப்பினுள்ளே நிலமானிய ஒடுக்குமுறையும் சாதிக் கொடுமையும் கலந்திருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. அதனைப் பொற்காலமாக்குவது நமது நோக்கமுமன்று. ஆயினும் 1832 இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது, கட்டாய ஊழியம் ஒழிந்ததோடு குளக்கட்டின் கூட்டுப் பொறுப்பும் தளர்ந்தது. குளங்கள் பழுதுற்றன. 1856 இல் பிரித்தானிய ஆட்சியினரே நெற்காணி நீர்ப்பாசனச் சட்டமொன்றின் மூலம் பழைய வழக்காறுகளுக்கு மீண்டும் சட்ட வலு அளிக்க நேர்ந்தது. நீரோடு கடமையும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை அந்நிய ஆட்சியும் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி இது.

இவையெல்லாம் பழங்கதை, இன்று அறிவியல் முன்னேறிவிட்டது என்று ஆறுதலடைவோர் மிச்சிக்கன் மாநிலத்து ஈடன்வில் அணையை நோக்குக. தனியார் கம்பனியொன்றின் அவ்வணை தேக்கிய ஏரியைச் சுற்றிப் படகுத்துறைகளும் விடுமுறை வீடுகளும் பெருகியிருந்தன. பெருவெள்ளத்தை வெளியேற்றும் ஆற்றல் வானுக்குப் போதாதென்று கூட்டாட்சி அதிகாரிகள் பல்லாண்டு எச்சரித்தும் பயனின்றி, 2018 இல் மின்னுற்பத்தி அனுமதியை இரத்துச் செய்தனர். அனுமதி இரத்தாயிற்று, அணை அப்படியே இருந்தது, ஏரி நிறைந்தே இருந்தது. 2020 ஆம் ஆண்டு மே 19 ஆந் திகதி அது உடைந்தது. பத்தாயிரம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டமையால் உயிர்கள் தப்பின. தவிர்த்திருக்கக்கூடிய அழிவு என்பதே சுயாதீன ஆய்வுக்குழுவின் முடிவு. அமெரிக்காவின் அணைப் பதிவேட்டிலே 90,000 க்கு மேற்பட்ட அணைகள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேல் தனியாருடையவை என்பதையும் இங்கு கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? முதலாவது, உடைமையாளனின் சம்பளம் பெறாத, அவனுக்குக் கடமைப்படாத பொறியியலாளர் குறித்த கால இடைவெளியில் ஒவ்வோர் அணையையும் பரிசோதித்தல் வேண்டும். இது கனவன்று. 1925 இல் வேல்ஸ் நாட்டு டொல்கறொக் என்னும் ஊரில் அணை உடைந்து 16 பேர் மாண்டபின், பிரித்தானியா 1930 இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. 1975 இன் சட்டம் முதலில் விதித்தபடி இங்கிலாந்திலே நிலமட்டத்துக்கு மேல் 25,000 கனமீற்றருக்கு மேற்பட்ட நீரைத் தேக்கிய எவரும், அது பிரபுவின் மாளிகைப் பூங்காக் குளமாயினும், பத்தாண்டுக்கொரு முறையேனும் பரிசோதனைக்கு உட்பட்டேயாகவேண்டியிருந்தது. இரண்டாவது, பரிசோதனை அறிக்கை கட்டின் கீழ் வாழும் மக்களின் மொழியில் அவர்களின் கைக்குக் கிடைத்தல் வேண்டும். பல்ரனின் அறிக்கை இரு முதலாளிகளுக்கிடையே கடிதமாக நில்லாது நகரச் சந்தியிலே ஒட்டப்பட்டிருந்தால் வரலாறு வேறாகியிருக்கலாம். மூன்றாவது, பேணுவதற்கான நிதியை முன்கூட்டிக் கட்டி வைக்காதவனுக்கு நீர் தேக்கும் உரிமை இருத்தல் கூடாது. பேண மறுத்தால் ஏரியை வற்றவைத்துக் கட்டை முறைப்படி வெட்டிவிடும் அதிகாரம் பொதுமக்கள் சார்பில் இருத்தல் வேண்டும். நான்காவது, உடைந்தபின் கழகத்தின் பெயர்ப்பலகைக்குப் பின்னே அங்கத்தவர் ஒளிய இடமளித்தலாகாது.

செலவு அதிகம், இவ்வாறாயின் சிறு ஏரிகள் பல மூடப்படும் என்று அழுவோர் உளர். மூடப்படட்டும். பேணும் வசதியற்றவன் தேக்கும் நீர், அவனுடைய செல்வத்தின் அடையாளமன்று. அயலாருடைய உயிரிலே அவன் வாங்கிய கடன். ஒரு மாலைப்பொழுதின் படகோட்டத்துக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் பிணைநிற்க வேண்டுமென்பதை எந்த நாகரிகமும் ஒப்புக்கொள்ளாது.

ஜோன்ஸ்ரவுண் இடுகாட்டின் 777 கற்களிலே பெயரில்லை. கழகத்தின் அங்கத்தவர் பட்டியலிலோ எல்லாப் பெயர்களும் உள்ளன. யார் இறந்தார் என்பது தெரியாதிருக்கலாம். யாருடைய கட்டு என்பது நன்கு தெரியும். மழையின் மேல் பழி போடுவோரிடம் நாம் கேட்பது இதுவே: வானத்திலிருந்து மழை வந்தது உண்மை, வானை அடைத்த வலை எங்கிருந்து வந்தது?